வெர்ஜில் டட்டனுக்குக் கிடைத்த வேலை

“நூத்தி இருபது முடி வேணும்” என்றாள் கத்தரிக்கோலோடு நின்ற பெண். “எங்கே இருக்கு?”

வெர்ஜில் டட்டனின் தலையை அவள் ஏற்கெனவே இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டாள். அங்கே முடி இல்லை என்பது அவனுக்கு முப்பத்திரண்டு வயதிலேயே தெரிந்துபோன விஷயம். இப்போது வயது ஐம்பத்தொன்று.

“தலையில இல்லாட்டிப் பரவாயில்ல சார். நெஞ்சுல எடுத்துக்கலாம். சட்டையைக் கழட்டுங்க.”

கழற்றினான். நெஞ்சு கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளத்தது. கை, அக்குள், பேன்ட்டைத் தூக்கிக் காட்டிய கால் எல்லாம் அதே லட்சணம்தான்.

“ஷேவ் பண்ணீங்களா?”

“ரொம்ப வேர்க்குதேன்னு…”

“பிப்ரவரியிலயா?”

அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். லாரி கம்பெனிகள் போதைப் பழக்கம் இருக்கிறதா என்று முடியை வெட்டிச் சோதிக்கும். வெர்ஜில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பீருக்கு மேல் குடித்ததில்லை. ஆனால் அவன் மனைவி லொரெட்டாவின் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். அவன் வெர்ஜிலின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து கஞ்சா பிடிப்பான். அந்தப் புகை முடியில் ஒட்டிக்கொள்ளும், முடியே இல்லாவிட்டால் சிறுநீர் சோதனையோடு விட்டுவிடுவார்கள் என்று லாரிப் பள்ளியில் ஒரு புத்திசாலி சொன்னான். வெர்ஜில் முந்தின நாள் மதியம், கம்பெனி தங்கவைத்த மோட்டலின் குளியலறையில் மூன்று ரேசர்களை மழுங்கடித்தான். குற்றம் செய்யாதவன் இப்படித்தான் வலியப் போய்க் குற்றவாளி ஆகிறான்.

கத்தரிக்கோல்காரி மிஸ் கிரெப்ஸைக் கூப்பிட்டாள். புதிதாக வரும் ஓட்டுநர்களைச் சேர்க்கும் வாரத்துக்கு மிஸ் கிரெப்ஸ்தான் அதிகாரி. எப்போதும் சிரித்த முகம். கெட்ட சேதி சொல்லும்போது சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலும்.

“மிஸ்டர் டட்டன், உடம்பு முழுக்க மழிச்சுட்டு வந்தா சோதனைக்கு மறுத்ததா அர்த்தம். மறுத்தா தோத்ததா அர்த்தம். சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் இருக்கு. டிக்கெட் கம்பெனி செலவு.”

“மேடம், எனக்கு வேலை குடுத்தாச்சு மேடம். கடிதம் இருக்கு.”

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினான். ‘அன்புள்ள வெர்ஜில், உங்களை எங்கள் ஓட்டுநர் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பதினான்கு வரிகள். ‘கீழ்க்காணும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று அவை ஆரம்பித்தன. வெர்ஜில் மேல்வரியைத்தான் படித்தான். ஃபோனில் விண்ணப்பத்தை நிரப்பிய பதினோராவது நிமிடம் வந்த கடிதம் அது. இத்தனை வேகமாகத் தன்னை யாரும் விரும்பியதில்லை என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

அந்த ஒரு காகிதத்தை நம்பித்தான் ஆர்கன்சாவில் கோழி வெட்டும் ஆலையில் பத்தொன்பது வருஷ வேலையை விட்டான். ஆலை கொடுத்த மருத்துவக் காப்பீடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. லொரெட்டா தினமும் நான்கு தடவை இன்சுலின் போட்டுக்கொள்பவள். ஆகவே நாலு மணி பஸ் என்பது அவனுக்கு வெறும் பஸ் இல்லை.

“முதுகு!” என்று கத்தினான் வெர்ஜில்.

“என்னது?”

“முதுகு மேடம்! முதுகு எனக்கு எட்டல!”

திரும்பி நின்று காட்டினான். இருபத்தாறு வருஷமாக லொரெட்டா ‘கரடி’ என்று கேலி செய்த முதுகு அது. கத்தரிக்கோல்காரியின் முகம் மலர்ந்தது.

“இங்கேயே ஒரு பண்ணை வச்சிருக்கீங்களே சார்!”

நூற்றிருபது முடியையும் எண்ணி எடுத்தாள். ஹாலில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அவமானம்தான். ஆனாலும் வெர்ஜில் சட்டையை மாட்டிக்கொண்டபோது ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு முப்பத்தொன்று ஆயிற்று. ஒருவருக்குக் கண் பார்வை. இன்னொருவருக்குப் பழைய வேகக் குற்றம். ஒருவர் லாரியின் படியில் ஏறும்போதே இடறி விழுந்தார். எல்லோரிடமும் அதே கடிதம் இருந்தது. எல்லோரும் அதைப் பிளாஸ்டிக் உறையில்தான் வைத்திருந்தார்கள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களை மோட்டலின் வேன் பஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போகும். அதற்கு முன் ஓப்பல் அவர்களைப் பிடித்துக்கொள்வாள். ஓப்பல் மோட்டலில் காலை உணவு பரிமாறும் அம்மாள். அறுபது வயது, கனத்த உடம்பு, கையில் எப்போதும் வாஃபிள் மாவுக் கரண்டி. போகிறவர் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, நடுவில் இறைச்சி சாசேஜ் வைத்த, பன் மாதிரியான பிஸ்கட் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “நல்லபடியா வீடு போய்ச் சேரு கண்ணு” என்று வாயெல்லாம் பல்லாக வழியனுப்புவாள்.

‘வேலை போய் ஊருக்குத் திரும்புறவங்களைப் பாத்து இப்படியா சிரிப்பாங்க? இந்தம்மாவுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கிடையாதா?’ என்று வெர்ஜிலுக்கு எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் தட்டில் வாஃபிளைப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

“உன்னை இன்னும் அனுப்பலையா?”

“ஏன் அனுப்பணும்?”

“சும்மா கேட்டேன். சிரப்பு ஊத்திக்கோ.”

அபசகுனம் பிடித்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டு சிரப்பை ஊற்றிக்கொண்டான்.

அவனோடு அறையில் தங்கியிருந்தவன் டெக்ஸ்டர் பூன். மிசிசிப்பிக்காரன், முப்பது வயது, வாய் ஓயாது. அன்று மத்தியானம் அவனுக்கு முறை வந்தது. பத்து வருஷ வேலை விவரத்தில் பதினோரு நாள் இடைவெளி இருந்ததாம்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பர்கர் கடையில பதினோரு நாள் வெங்காயம் நறுக்கினேன் பெருசு. அதை எழுத மறந்துட்டேன். மறைச்சுட்டேனாம்! வெங்காயத்தை எவனாவது மறைப்பானா?”

“விளக்கிச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அந்தம்மா சிரிச்சுது. சரி, உனக்காவது கிடைக்கட்டும். கிடைச்சதும் எங்க ஊர் வழியா வந்தா ஹாரன் அடி.”

ஓப்பல் டெக்ஸ்டரைக் கட்டிப்பிடித்து இரண்டு பிஸ்கட்டோடு ஒரு வாழைப்பழமும் கொடுத்தாள். வெர்ஜில் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டான்.

புதன்கிழமை அந்த முதுகே அவன் காலை வாரிவிட்டது.

“தலை முடின்னா மூணு மாசக் கதை சொல்லும் மிஸ்டர் டட்டன்” என்றாள் மிஸ் கிரெப்ஸ். “உடம்பு முடி மெதுவா வளரும். ஒரு வருஷக் கதை சொல்லும். உங்க முதுகு பத்து மாசத்துக்கு முன்னாடி என்னவோ பலமான வலி மாத்திரை சாப்பிட்டிருக்கே?”

“அது முழங்கால் ஆபரேஷனுக்கு டாக்டர் குடுத்தது!”

“அப்ப டாக்டர் கடிதம் வேணும்.”

மூன்று மணி நேரம் ஃபோனில் காத்திருந்து டாக்டர் கடிதத்தை வரவழைத்தான். நல்ல டாக்டர். விவரமாக எழுதியிருந்தார், தேவைக்கு மேலேயே விவரமாக. ‘நோயாளியின் வலது முழங்காலில் மூட்டுச் சவ்வு அகற்றப்பட்டது’ என்ற வரியைப் படித்ததும் மிஸ் கிரெப்ஸின் சிரிப்பு அகன்றது.

“முழங்கால் ஆபரேஷனா? விண்ணப்பத்துல சொல்லலையே?”

“இப்ப சொல்றேனே மேடம்!”

“அப்ப நாளைக்கு உடல் வலு சோதனை.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் லொரெட்டா ஃபோன் செய்தாள்.

“எப்படிப் போகுது?”

“பிரமாதம். பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. என்னை அனுப்பல.”

“அதான் கேக்குறேன். கடிதத்துல வேலை குடுத்தாச்சுன்னு போட்டிருந்துச்சே. அப்புறம் ஏன் அனுப்புறாங்க?”

“அவங்ககிட்ட ஏதோ தப்பு இருந்திருக்கும்.”

“உன்கிட்ட இல்லையா?”

“என்கிட்ட என்ன தப்பு இருக்கு?”

“லிஸ்ட் போடவா?” என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. “வெர்ஜில், மருந்துக்கடைப் பொண்ணு இன்னிக்கே கேட்டுட்டா, மாசம் பொறந்தா எந்தக் காப்பீடுன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“புது கம்பெனி காப்பீடுன்னு சொல்லு.”

“சொல்லிரவா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை. 

வியாழக்கிழமை மண்மூட்டையைத் தூக்கினான், குந்தி எழுந்தான், டிரெய்லரில் ஏறி இறங்கினான். முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது. அதை மறைக்க அவன் சத்தமாகப் பாடினான். சோதனையில் தேறினான். ஆனால் பாடிக்கொண்டே மூட்டை தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? நூற்று எழுபத்தெட்டு காட்டியது.

“அரை மணி நேரம் அமைதியாப் படுத்திருங்க” என்றாள் நர்ஸ். “மறுபடியும் பாத்துடலாம்.”

நான்கு நாளில் முதன்முதலாக ஒருவர் அவனை அமைதியாகப் படுக்கச் சொன்னார். வெர்ஜில் நன்றியோடு படுத்தான், அப்படியே தூங்கிப்போனான். எழுந்தபோது அழுத்தம் நூற்று இருபத்தாறு. அவனுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. நர்ஸ் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதுறீங்க?”

“குறட்டை.”

“குறட்டையா?”

“பக்கத்து ரூம்ல லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டாங்கன்னு நினைச்சு நான் வெளியில போய்ப் பாத்துட்டு வந்தேன் சார். நடுநடுவுல மூச்சு வேற நிக்குது. தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்க பகல்ல ஓட்டும்போது தூங்கிடுவாங்க. இன்னிக்கு ராத்திரி மூச்சை அளக்குற பெட்டியை உங்க நெஞ்சுல கட்டணும்.”

அன்றைய தூக்கத்தை மூக்கில் குழாயும் விரலில் கவ்வியும் நெஞ்சில் பெட்டியுமாகத் தூங்கினான். தூங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணை மூடினால்தானே குறட்டை வரும் என்று விடிய விடிய விழித்திருந்தான். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்த நர்ஸ், மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று பாராட்டினாள். அவன் கண்கள் ரத்தச் சிவப்பாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அது அவள் படிவத்தில் இல்லை.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பழைய வேலையை யாராவது உறுதி செய்யவேண்டும்.

“கோழி ஆலை ஆபீஸ்ல பொறுப்பான அம்மா லீவாம்” என்றாள் மிஸ் கிரெப்ஸ். “மேற்பார்வையாளர் ஒருத்தர் பேசினாப் போதும். ராய்ஸ் ஹாக்கெட்னு பேர் போட்டிருக்கீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவர் எனக்குப் பேசணும்.”

ராய்ஸிடம் வெர்ஜில் எந்த முகத்தோடு போய்க் கேட்பான்?

ஆலையில் அவன் கடைசி நாளன்று நடந்தது அப்படி. கோழிக்கூண்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, வேலை செய்துகொண்டிருந்த முப்பது பேர் முன்னால் கடிதத்தின் மேல்வரியை உரக்கப் படித்தான். பத்தொன்பது வருஷமாக வாயில் வைத்திருந்ததை எல்லாம் ராய்ஸைப் பார்த்துத் துப்பினான். ‘இனிமே இந்தக் கோழிக்குடலை நீயே உருவு’ என்று சொல்லிக் கையுறையை அவர் தொப்பியின் மேல் வீசினான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான்.

ஃபோனை எடுத்தான்.

“யாரு? வெர்ஜில் டட்டனா?” என்றார் ராய்ஸ். “அப்படி யாரும் இங்க வேலை செஞ்ச மாதிரி ஞாபகம் இல்லையே.”

“ராய்ஸ், ஒரு சின்ன உதவி…”

“இரு இரு. இது பொது விஷயம். ஸ்பீக்கர்ல போடுறேன். ஏய், எல்லாரும் வாங்கப்பா! பெரிய மனுஷர் பேசுறாரு!”

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இடைவேளை நேரம். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுகூட வெர்ஜிலுக்குத் தெரியும்.

“சொல்லு வெர்ஜில். அன்னிக்கு மாதிரியே சத்தமாச் சொல்லு.”

“நான் பத்தொன்பது வருஷம் அங்க வேலை செஞ்சேன்னு கம்பெனிக்கு ஃபோன்ல சொல்லணும்.”

“அதுக்கு முன்னாடி?”

“மன்னிச்சிருங்க.”

“யாரு யாரை?”

“நான் உங்களை இல்ல… நீங்க என்னை. நான் பேசினது தப்பு.”

“கோழிக்குடலு?”

“அதை நீங்க உருவ வேண்டாம்.”

முப்பது பேரும் சிரித்தார்கள். யாரும் அவனைக் கெடுதலாக நினைத்துச் சிரிக்கவில்லை, இடைவேளையில் ஒரு வேடிக்கை கிடைத்ததற்குச் சிரித்தார்கள். அது இன்னும் வலித்தது. வெர்ஜில் மோட்டல் வாசலில் நின்றுகொண்டு, காதில் ஃபோனோடு, ஐம்பத்தொரு வயதில் அழுகையை விழுங்கினான்.

சிரிப்பு அடங்கியதும் ராய்ஸ் ஸ்பீக்கரை அணைத்தார்.

“பேசிடறேன் போ. நீ நல்ல வேலைக்காரன்தான். வாய்தான் கெட்டது.”

“ராய்ஸ்… ஒருவேளை இங்க சரிப்பட்டு வரலைன்னா, என் இடம்…”

“நீ போன மறுநாளே ஆள் போட்டாச்சுடா” என்றார் ராய்ஸ். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

ஐந்து மணிக்கு ஹாலில் ஏழு பேர் மிச்சம் இருந்தார்கள். நாற்பத்திரண்டில் ஏழு. மிஸ் கிரெப்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கை குலுக்கினாள். வெர்ஜிலின் கோப்பில் டப்பென்று முத்திரை விழுந்தது.

“வாழ்த்துகள் மிஸ்டர் டட்டன். எல்லா நிபந்தனையும் நிறைவேத்திட்டீங்க.”

“எல்லாமேவா?”

“உங்க பக்கத்து நிபந்தனை எல்லாமே. எங்க பக்கம் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். புது ஓட்டுநர் முதல் ஆறு வாரம் ஒரு பயிற்சியாளரோட லாரியில போகணும். பயிற்சியாளர் காலியானதும் கூப்பிடுவோம். ரெண்டு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“மோட்டல்லயே இருங்க. நீங்களா கிளம்பிட்டா நீங்க வேலையை வேண்டாம்னதா ஆயிடும்.”

“காப்பீடு மேடம்?”

“லாரியில ஏறி உக்காந்த அன்னிலேர்ந்து.”

வெர்ஜில் வெளியே ஓடிவந்து லொரெட்டாவுக்கு ஃபோன் செய்தான்.

“கிடைச்சிருச்சு!”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“நான் உன்னை நம்பவே இல்ல வெர்ஜில்” என்றாள். “வெக்கமா இருக்கு. அந்தக் கடிதம் வெறும் காகிதம்னு எங்க அக்காகிட்டகூடச் சொல்லிட்டேன்.”

“உங்க அக்காவுக்கு இப்பவே ஃபோன் பண்ணு.”

“பண்றேன். எப்ப லாரி?”

“ரெண்டு நாள்ல.”

அன்று அவன் குறட்டை விட்டே தூங்கினான். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை குளித்து, இருக்கிற சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனான். ஓப்பலிடம் சொல்வதற்கென்றே போனான் என்றும் சொல்லலாம். நாலு நாளாக ‘இன்னும் அனுப்பலையா’ என்று கேட்டவளுக்கு ஒரு பதில் சொல்லாமல் விட அவனுக்கு மனசில்லை.

“நான் தேறிட்டேன்!” என்றான், கதவைத் திறக்கும்போதே.

ஓப்பல் கட்டிப்பிடிக்கவில்லை. பல் தெரியவில்லை. பிஸ்கட்டைச் சுற்றிக் கொடுக்கவும் இல்லை. கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எல்லாத்துலயுமா கண்ணு?”

“எல்லாத்துலயும்! முடி, முழங்கால், பிரஷர், மூச்சு, பழைய வேலை, எல்லாம்!”

“அடக் கடவுளே” என்றாள் ஓப்பல்.

வெர்ஜிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கு என்னம்மா பிரச்சினை? தோத்துப் போறவனைக் கொஞ்சிக் குலாவி அனுப்புறீங்க. ஜெயிச்சவனைப் பாத்து இழவு விழுந்த மாதிரி முழிக்கிறீங்க. பயிற்சியாளர் வந்ததும் நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன். ரெண்டே நாள்!”

ஓப்பல் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய ஏப்ரன்களில் ஒன்றை எடுத்து, அவன் வயிற்றோடு வைத்து அளவு பார்த்தாள்.

“நானும் லாரிக்குத் தேறினவதான் கண்ணு, எனக்கும் ரெண்டு நாள்னுதான் சொன்னாங்க, பதினஞ்சு மாசம் ஆச்சு; வேன் ஓட்டறவர் தேறி ரெண்டு வருஷம்; அதுவரைக்கும் ரூம் வாடகையை வேலை செஞ்சுதான் கழிக்கணும்; சரி, உனக்குப் போர்வை துவைக்க வருமா, இல்ல மாடி கூட்டுறியா?”